தொடர்பில் உள்ள

இரவு ஒன்பது நாற்பதுக்கு வந்தது அறிக்கை.
குளச்சல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
பாதி ஷட்டர் இறக்கிய ஜெராக்ஸ் கடையில்
அந்நேரம் நான் நிருபர்.
பகலெல்லாம் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல்.
செய்திக்கு எழுபது ரூபாய், படத்துக்கு முப்பது.

“போர் நடக்கும் கடற்பகுதியில்
நம்முடன் தொடர்பில் உள்ள மீனவர் அனைவரும்
பத்திரமாக இருக்கின்றனர்.”

பழுதில்லாத வாக்கியம்.
எழுவாய் உட்கார்ந்திருக்கிறது, பயனிலை உட்கார்ந்திருக்கிறது.
ஒரு பெயரெச்சம் மட்டும்
படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருகிறது.

நாகர்கோவில் டெஸ்கில் தாணுலிங்கம் சொன்னார்:
“ரெண்டு காலம்தான் இருக்கு ஓய், சுருக்கும்.”
சுருக்கினேன்.

குமரி மீனவர் அனைவரும் பத்திரம்.

யாரும் மிரட்டவில்லை.
எந்த அமைச்சகத்திலிருந்தும் போன் வரவில்லை.
இடமில்லை,
அவ்வளவுதான்.

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே நின்றிருந்தாள் பிளாண்டினா,
ஒரு கையில் பேப்பர், ஒரு கையில் போன்.
“ஒம்பது நாளாட்டு ஒத்த டிக்குதான் கெடக்கு.
பேப்பர்ல பத்திரமுன்னு போட்டிருக்கு.
ரெண்டுல எது பொய்யி, சார்?”

அறிக்கையை எடுத்துக் காட்டினேன்.
அவள் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள்.
நான் வெட்டிய இடத்தில் விரல் நின்றது.
“அப்பம் எனக்க ஆளு
இந்த அனைவருல இல்ல.”

அரசு பொய் சொல்லவில்லை என்று விளக்கப் போனேன்.
உண்மைதான், சொல்லவில்லை.
மிச்சத்தை நான் சொல்லியிருந்தேன்.

இந்தக் கடற்கரையில் ஒரு தூண் நிற்கிறது,
டச்சுக்காரனைத் தோற்கடித்ததற்கு.
துடுப்புகளைத் தோளில் சாய்த்து
வரிசையாக நின்றார்களாம் கடற்கரைக்காரர்கள்.
கப்பலிலிருந்து பார்த்தவனுக்கு
அத்தனையும் துப்பாக்கி.
ஜெயித்துவிட்டால் அதன் பெயர் தந்திரம்.
கல் நடுவார்கள்.
ஆண்டுக்கொரு முறை அங்கே மாலை போடும் படத்துக்கும்
எனக்கு முப்பது ரூபாய் உண்டு.
செத்தவர் எத்தனை பேர் என்று
அந்தக் கல்லிடம் நான் கேட்டதில்லை.

மத்தியானம் திரும்பி வந்தாள், கூட ஆறேழு பெண்கள்.
பள்ளிக்கூட நோட்டில் கிழித்த ஒரு தாள்:
பதினோரு பெயர்,
போட்டின் நம்பர்,
கடைசியாகப் பேசிய தேதி,
கடைசியாக என்ன பேசினார்கள் என்பதும்.
(ஒருவன் இளைய மகளின் காய்ச்சலைக் கேட்டிருக்கிறான்.
ஒருவன் சீட்டுப் பணம் கட்டியாச்சா என்று.)

“நாப்பது காப்பி.
ஒக்கிக்குப் பொறவு ஆளெண்ணுத வேலய
நாங்க ஆருக்கும் விட்டுக்கொடுக்கியது இல்ல.”

காசு வேண்டாம் என்றேன்.
முறைத்தாள்.
“பேப்பருக்கு வாங்குனியள்லா?”
எண்பது ரூபாயைச் சில்லறையாக எண்ணி வைத்தாள்.

பட்டியலை டெஸ்குக்கு அனுப்பினேன்.
“உறுதியான தகவலா?” என்றார் தாணுலிங்கம்.
பெண்டாட்டிமார் சொல்கிறார்கள் என்றேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.
“எனக் கூறப்படுகிறது-ன்னு முடிச்சிருவோம்.”

நேற்று டெல்லி சொன்னபோது
அந்த வார்த்தை எங்களுக்கு ஞாபகம் வரவில்லை.

ஏழாம் பக்கம், அலை நிலவரத்துக்குக் கீழே,
பதினோரு பேர், எனக் கூறப்படுகிறது.
நாற்பது தாளும் அதற்குள்
ஐஸ் பிளான்ட் சுவரில், ஏலக்கூடத்தில்,
குருசடிப் படியில், ஆட்டோக்களின் முதுகில்.
பேப்பரை வாங்கியவர்கள்
அதை அங்கே கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.
சிலர் என்னைப் பார்த்தார்கள்.

இரவு ஒன்பது நாற்பது. அடுத்த அறிக்கை.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
முதலில் பெயரெச்சங்களைத் தேடினேன்.
பிறகு ஒரு நகல் எடுத்துவைக்க
இயந்திரத்தின் மூடியைத் தூக்கினேன்.

ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள்
பெரும்பாலும் மறந்துபோவது அசலைத்தான்.
கண்ணாடிமேல் அப்படியே கிடந்தது
அந்த நோட்டுத் தாள்,
பதினோரு பெயரும்
முகம் குப்புற.