நாடிர் பூமி

பீடோரைத் தாண்டிச் செம்மண் சடக்கில் இறங்கியதும்
ரொஸ்லான் கண்ணாடியை ஏற்றினான்.
இறக்கச் சொன்னேன்.
மூக்கும் ஒரு கருவிதான்,
இலாகாவின் பொருள் பட்டியலில் வராதது.

எல்லைக் கான் வரைக்கும் தோட்டத்துச் செம்பனை.
கானுக்கு அந்தப் பக்கம் அரசாங்க நிலம்:
வரைபடத்தில் வெள்ளை,
நேரில் மூங்கில், அட்டை,
யாருடையதும் இல்லாததால்
எல்லாருக்கும் வழி தெரிந்த குன்று.

பத்துக்கு ஒன்பது முறை மணல் திருட்டாக இருக்கும்.
லோரித் தடத்தை அளந்து, டன் கணக்குப் போட்டு,
படம் எடுத்து, கையெழுத்து வைத்து,
நாலு மணிக்குள் பஜாரில் மீ கோரெங்.
இன்று தடம் இல்லை.
வாடை இருந்தது.

சல்பேட்.
அம்மா பிரிவு நாலில் உரம் போட்டு வந்த நாட்களில்
சோற்றிலும் இது இருக்கும்.
வெடித்த விரல்களைத் தேங்காயெண்ணெயில் ஊறவிட்டபடி
"கிட்ட வராதே, கண்ணு எரியும்" என்பாள்.
நான் கிட்டப் போவேன்.
எரியும்.

குன்றின் மேலே கையகல ஓட்டைகள்,
ஓட்டைக்கு ஒரு குழாய்.
அரசாங்க ஆஸ்பத்திரி மூன்றாம் வார்டு மாதிரி
வரிசையாகச் சொட்டு ஏறிக்கொண்டிருந்தது மலைக்கு.
அடிவாரத்தில் நீலத் தார்ப்பாய் விரித்த குளம்.
குளத்துக்குக் கீழே ஓடை.
ஓடையில் மானியை விட்டேன்,
முள் போன இடத்தில் எண் இல்லை.
ஓடியவர்கள் விட்டுப்போனது
ஒற்றைச் சிலிப்பர்,
சூடு ஆறாத நாசி லெமாக்,
சம்பலில் மூன்று விரல் தடம்.

குளத்து நீரைச் சீசாவில் பிடித்து
ஆக்ஸாலிக் அமிலம் கொஞ்சம் விட்டேன்.
வெளுத்தது.
பால் ஸ்டோரில் தொட்டிக்கு ஆசிட் ஊற்றியதும்
திரளுமே, அப்படி.

கருங்கல் அழுகி இந்த மண்ணாக எடுத்த காலத்தை
எழுதச் சைபர் பற்றாது.
கரைந்து இறங்க
மழைக்கு முந்திய மூன்று மாதம்.

அறிக்கையில் மலாயில் எழுத வேண்டும்: நாடிர் பூமி.
அரிய மண் என்று பொருள்.
வேகமாய்ச் சொன்னால்
எனக்கு நாதியற்ற பூமி என்றே கேட்கும்.
ரொஸ்லானிடம் சொன்னேன்.
அவன் நாசி லெமாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"அது ஆதாரம்" என்றேன்.

சாக்குகள் முப்பத்தேழு. இரண்டு தடவை எண்ணினேன்.
ஒவ்வொன்றிலும் நீல மையில் முத்திரை:
தோட்டத்தின் பெயர். பிரிவு 4.

சாயங்காலம் பஜாரில் ஸ்டோர் கிராணி ஏகாம்பரம்
தூரத்திலேயே எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டான்.
தமிழ்ப்பள்ளியில் அறிவியல் தாளை
என் முழங்கை இடுக்கில் பார்த்து எழுதியவன்.
பாறை மூன்று வகை என்பது
என்னால்தான் அவனுக்குத் தெரியும்.
"மலைக்குப் போய்ட்டு வர்றியா?
சட்டையெல்லாம் உர வாடை."

நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

தே ஓ வந்தது.
அவன் பையில் கை விடுமுன்
என் காசை மேசையில் வைத்தேன்,
ஒரு வெள்ளி நாற்பது.
மகளுக்கு ஈப்போவில் காலேஜ் கிடைத்திருக்கிறதாம்.
என்ன படிப்பு என்றேன்.
கணக்கு என்றான்.
கோப்பையை அவன் சுற்றிக்கொண்டே இருந்தான்,
குடிக்கவில்லை.

ராத்திரி படிவத்தில்
கனிமம், பரப்பு, ஆழம் எல்லாம் நிரப்பினேன்.
பொருள் வந்த இடம் என்ற கட்டத்தில்
மை கொஞ்சம் ஊறியது.
பிரிவு நாலு என்று எழுதினேன்.
சாக்கு முப்பத்தேழு என்று எழுதினேன்.
எழுந்து போய்க் கை கழுவினேன்,
சோப்பு இரண்டு தடவை.

உள் அறையிலிருந்து
பாதித் தூக்கத்தில் அம்மா கேட்டாள்:
"யாரு இந்நேரத்துல
உரம் போட்டுட்டு வந்திருக்கிறது?"