இருபத்து மூன்று மீட்டர்

வொர்லியில், கடலுக்கு முதுகு காட்டி நின்ற ரிக்
மூன்றே கால் மணிக்கு எடுத்துத் தந்தது:
முழங்கை நீளம், சாம்பல் நிறம்,
தொட்டால் சோப்பு மாதிரி.
தத்தாராம் காவ்டே விரல் மடக்கித் தட்டிப் பார்த்து
"பக்கா" என்றார்.

மெழுகு பூச வேண்டும். சிலிண்டர் தீர்ந்திருந்தது.
துணி சுற்றி டெம்போவில் ஏறினேன்.
சயான் சிக்னலில் நாற்பது நிமிடம்.
மடியில் அது டிக் என்றது. கொஞ்சம் கழித்து
இன்னொரு டிக்.
கடிகாரமா, என்றார் ஓட்டுநர்.
கல், என்றேன்.
மேலே கிடந்த பாரம் போய்விட்டது,
கைகால் நீட்டுகிறது.

கோவண்டி லேபில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது,
அதே குழியில் ஐந்தாவது மீட்டர்.
பழுப்பு. நகம் பட்டால் உதிரும்.
எத்தனையோ மழை இறங்கி ஏறிய வழி.
லென்ஸில் பார்த்தால்
நடுச்சுவர் விழுந்து
இரண்டு கோலி ஒன்றான மாதிரித் துளைகள்.
பைரைட் கரைந்து போன இடத்தில்
அதன் சதுரம் மட்டும் காலியாக நிற்கிறது.
போன துரு சும்மா போகவில்லை,
பக்கத்து வாசல்கள் சிலதை அடைத்து வைத்திருக்கிறது.
உளுத்தது என்றால் ஓட்டை கூடியது என்று
கண்ணை மூடி எழுத முடியாது.

இருபத்து மூன்றை அடுப்பில் உலர்த்தினோம்
(அதுவும் ஒரு விரிசல்தான்).
பிறகு பாதரசம்.
பெரிய வாசலுக்கு லேசாகத் தள்ளினால் போதும்,
சின்னதற்குள் நுழைய
ஒரு லாரியே ஏறி மிதிக்க வேண்டும்.
வரைபடத்தில் இரண்டு மேடு வந்தது.
நுண்ணிய மேடு, களி படிந்த நாளிலிருந்து கல்லுடையது.
மற்றது?
டிரில் பிட்டுடையது. அடுப்புடையது.
சயான் சிக்னலுடையது.
என் மடியுடையது.
எங்கே அது முடிந்து எங்கே நாங்கள் தொடங்குகிறோம் என்று
கோடு போட ஸ்கேல் இல்லை.

பல்சாரா சாருக்கு ஒரே எண் போதும்,
சுரங்கம் காத்திருக்கிறது.
குறிப்பு என்ற கட்டத்தில்
"மாதிரி கலைந்தது" என்று எழுதினேன்.
அடித்துவிட்டார்.
கீழே இருப்பதை ஒருவரும் அளந்ததில்லை சார்,
மேலே வந்ததைத்தான் அளக்கிறோம், என்று
சொல்லவில்லை. டீ வந்தது.

மிச்சத் துண்டை தம்ளர் தண்ணீரில் போட்டிருந்தேன்.
ஓரம் முதலில் பூத்தது, அப்புறம் தோள் சரிந்தது,
டீ ஆறுவதற்குள் சேறு.
வடிகட்டியதில் சல்லடையில் தங்கியது
நூல் கனத்தில் ஒரு எலும்பு,
தவளைக் காலாக இருக்கலாம்.
முறியாமல் இருந்தது.

பல்சாராவுக்கு போன் போட்டேன்.
எடுக்கவில்லை.