இதர

சேலம் கலெக்டர் கச்சேரி. நாற்பத்தாறு, மாசிக் கடைசி.
பந்தல் போட்டாயிற்று. துரை இன்னும் வரவில்லை.
பதிவேட்டில் நான் பெயர் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

பெயர் சடையன். ஊர் கொலகூர், சேர்வராயன் மலை.
அடுத்த கட்டம்: படைப்பிரிவு.
சிப்பாய் இல்லை. போலீஸ் இல்லை.
சுமைகூலிக் கணக்கில்கூட வரவில்லை.
எஸ்டேட் துரை பட்டாளத்துக்குப் போகையில்
காட்டெருமைத் தடம் பார்க்கிறவன் என்று
கூடவே ரயிலேற்றிக் கொண்டுபோன ஆள்.
பேனாவை இரண்டு முறை மைக்கூட்டில் முக்கிவிட்டு
"இதர" என்று எழுதினேன்.

கங்காணியிடம் இரவல் வாங்கிய கோட்டு.
பதக்கத்தின் ஊசி துணியோடு
தோலையும் கொஞ்சம் பிடித்துவிட்டது.
அவன் அசையவில்லை.

இங்கிலீஷ் வாசகத்தைத் தமிழில் படிக்க என்னை ஏற்றிவிட்டார்கள்.
ஒலிபெருக்கி கரகரத்தது:
"பர்மா எல்லையில் பதினோரு இரவுகள்
பகைவர் முகாம்களுக்கு ஊடே நடந்து,
தன் உயிரைத் துச்சமென மதித்து..."

சடையன் என் காதருகே குனிந்தான்.
"அப்படிப் படிக்காதீங்க சாமி.
உசுருமேல எனக்குக் கொள்ளை ஆசை.
அதனாலதான்
ஒரு சருகுமேலகூடக் கால் வெக்காம நடந்தேன்."

நிறுத்தினேன். தாசில்தார் முறைத்தார்.
துச்சமென மதித்து என்று
மறுபடியும் அதே இடத்திலிருந்து படித்தேன்.
சர்க்கார் வாசகம்.

இரண்டாவது டப்பா காரியனுடையது.
கூடப் போனவன், திரும்பாதவன்.
அவன் பெண்சாதி வெள்ளச்சி
குறுக்குத்தடத்தில் இருட்டோடு இறங்கி வந்திருந்தாள்.
டப்பாவைத் திறக்கவில்லை.
"எந்தப் பக்கம் கெடக்கறாரு?" என்றாள்.

கச்சேரிக்குள் இருந்தது ஒரே வரைபடம், சேலம் ஜில்லா.
ஆத்தூரில் விரலை வைத்தேன்.
கொஞ்ச தூரத்தில் சட்டம் முடிந்துவிட்டது.
சுண்ணாம்புச் சுவரில் இழுத்துக்கொண்டே போனேன்,
காலண்டர் ஆணியைத் தாண்டி, மின்விசிறிப் பொத்தானைத் தாண்டி.
சடையன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.
"இன்னும் மேலைங்க.
பலா மாதிரி ஒரு மரம், பலா இல்லை.
வேரடியில மூணு கல்லு வெச்சிருக்கேன்."
மேலே நகர்த்தினான். ஜன்னல் வந்துவிட்டது.

வெள்ளச்சி ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்.
வெளியே குதிரைவண்டிக்காரன் எவனோடோ
காலணாவுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தான்.

கைநாட்டு வைக்கும்போது கேட்டாள்:
"இதை வித்தாத் தப்புங்களா?"
தெரியாது என்றேன்.
எனக்குத் தெரியும்.

கலர் சோடா வந்தபோது இரண்டு பேரையும் காணோம்.
மைக்கறை விரலோடு வாசலுக்கு ஓடினேன்.
படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டவாலிச் சேவகன்
"யாரும் இந்தப் பக்கம் போகலியே" என்றான்.
அவன் காலடியில்,
எலி ஓடினாலும் குரைக்கிற நாய்
தூங்கிக்கொண்டிருந்தது.