எட்டாம் குழாய்

பெருங்குடி ஸ்டேஷன் வாசலில்
ஷேர் ஆட்டோ ஏறினேன்.
மடியில் தெர்மாகோல் பெட்டி.
"மீனா மேடம்?" என்றார் ஓட்டுநர்.
"சேறு" என்றேன்.
பக்கத்தில் இருந்தவர்
தன் வெள்ளைச் சட்டையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

பள்ளிக்கரணைச் சேறு.
குப்பைமேட்டுப் பக்கம் நான்கு குழாய்,
நாணல் பக்கம் நான்கு.
இடுப்பளவு நீரில் நின்று
ஒவ்வொன்றாய் அடித்து இறக்கிய தாவீது
கரையேறியதும் கேட்டது
குளிக்கத் தண்ணீர்.
என்னிடம் இருந்தது அரை பாட்டில்.

பிளந்து பார்த்தால்
மேலே ஒரு விரற்கடை துருநிறம்,
அதன் கீழ் கறுப்பு, அழுகின முட்டை வாடை.
அந்த ஒரு விரற்கடைதான்
என் மூன்று வருடம்.

துருவுக்குக் கைகள் உண்டு.
வேளச்சேரியின் துணி நுரை,
அடுக்குமாடிகளின் கழிவறை,
லாரி லாரியாய் வந்து கொட்டிய மிச்சச் சோறு,
எல்லாவற்றிலிருந்தும் வடியும் பாஸ்பேட்டை
அது பிடித்துக்கொள்கிறது.
தண்ணீர் இன்னும் தண்ணீராய் இருப்பது
யாரும் எட்டிப் பார்க்காத
அந்தப் பிடியால்.

பிறகு மட்கு வரும்.
போன வருடத்துக் கோரை, ஆகாயத்தாமரை,
நாமக்கோழி உதிர்த்த ஏதோ ஒன்று,
எல்லாம் கரைந்து, ஆறிய டீ நிறத்தில் வந்து
துருவின் கையில் அதே இடத்தைக் கேட்கும்.
காலை எட்டரை மணிப் பேருந்தில்
"கொஞ்சம் நகருங்க" என்பதுபோல.
நகர்வது பாஸ்பேட்.
நானும் அப்படித்தான் எழுதிவைத்திருந்தேன்,
முடிவுரையை முதலிலேயே.

ஆய்வகத்தில் நீலம்தான் சாட்சி.
மாலிப்டேட் விட்டுக் காத்திருக்க வேண்டும்.
பிடிபடாமல் நீரில் எவ்வளவு மிச்சமோ
அவ்வளவு நீலம்.
ஏழு குழாயும் சொன்னபடி கேட்டன:
மட்கு கூடக் கூட நீலம் கூடியது.
எட்டாவது,
வேர் மண்டி, மட்கு எல்லாவற்றிலும் அதிகம்,
பத்துத் தரம் துவைத்த பள்ளிச் சீருடைபோல
வெளிறி நின்றது.

மறுபடி செய்தேன்.
மறுபடியும் வெளிறல்.
மாசிலாமணி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஒரு புள்ளிதானே அஞ்சுகம். எடுத்துடு."

அன்றிரவு நகக்கண்ணில் துரு.
இரண்டு முறை சோப்பு போட்டும் போகவில்லை.

துருவுக்கும் வயதாகும்.
தனியே விட்டால் இறுகும், படிகமாகும்,
கைகளை உள்ளே மடித்துக்கொள்ளும்.
மட்கு மேலே ஒட்டிக்கொண்டால்
அவ்வளவு சீக்கிரம் இறுக முடியாது.
இடத்தைப் பிடுங்கிய அதே மட்கு
இடங்களைத் திறந்தும் வைக்கிறது.
சிலவேளை நடுவில் இரும்பு,
ஒரு கையில் மட்கு,
மறு கையில் பாஸ்பேட்.
நாணலோ தன் தண்டு வழியே
காற்றைக் கீழே இறக்குகிறது.
கறுப்புக்குள்ளே வேரைச் சுற்றி
புதுத்துரு பூக்கிறது.

இருக்கலாம்.
இதற்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு குழாய்.

நம்பிவிடவும் முடியாது.
ஐப்பசியில் மழை வருமுன் புழுங்கும் ஓர் இரவு,
அடியில் காற்று தீர்ந்துபோகும்.
மட்கைத் தின்னும் நுண்ணுயிர்
மூச்சுக்குத் துருவை எடுத்துக்கொள்ளும்.
துரு கரையும்.
பிடித்ததெல்லாம் விட்டுவிடும்.
விடிந்தால் குப்பைமேட்டோரம்
யாரோ பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த பச்சை.
கைகளைத் திறந்துவைத்ததும் மட்கு,
அவிழ்த்துவிட்டதும் மட்கு.
இதை ஒரு கோட்டில் எப்படி வரைவது?

புள்ளியை எடுக்கவில்லை.
கோட்டுக்கு வெகுதூரம் கீழே
தனியாக நிற்கிறது,
பக்கத்தில் மூன்று வரிக் குறிப்போடு.
சார் இரண்டு தடவை படித்தார்.
"எத்தனை குழாய் வேணும்?"
"இருபது."
"பெட்ரோல் பில்லை மறக்காம வை."

தாவீதுக்கு போன் போட்டேன்.
நாணல் பக்கம் என்றேன், இருபது என்றேன்.
பின்னால் ஏதோ வண்டிச் சத்தம்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"இந்தத் தடவையாவது
குளிக்கத் தண்ணி இருக்குமா?"