இடப்பக்கம் மூச்சு

குளத்தில் விரிசல் கண்டு
தண்ணீரை இறக்கிவிட்டார்கள்.
நீலத் தரைக்கல்லில் ஒரு பூனை நடந்துபோனது
இரண்டு மீட்டர் ஆழத்தில்,
நனையாமல்.

டெண்டர், பம்ப், மறுபடி டெண்டர்.
மாநிலப் போட்டிக்கு ஏழு மாதம்.
கோச் ஹஸ்லிண்டா எங்களைக் கொண்டுபோய் விட்ட இடம்
டயர்க் கடைக்கு மேல்மாடி.
பன்னிரண்டு சைக்கிள்கள், நகராதவை,
சபைகூடலில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி
ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு.
தோளுக்கு ஓய்வு, காலுக்கும் நெஞ்சுக்கும் வேலை
என்றார்.

சியூ லிங் பாட்டை அலறவிட்டு
"ஏறுங்க, மலை!" என்பாள்,
கீழே டயர் மாற்றுகிறவர்களிடம் கற்ற தமிழ்.
புக்கிட் தெராப்பில் மலை
ஊர்ப் பெயரோடு சரி.
சன்னலுக்கு வெளியே செம்பனை,
அப்புறமும் செம்பனை,
அதற்கு மேல் ஆலைப் புகை.
சிவப்புக் குமிழை ஒரு சுற்றுத் திருப்பினால்
மலை வந்துவிடும்.

முதல் நாள்தான் பார்த்தேன்
என் வியர்வையை.
பத்து வருஷமாய்க் குளத்தில் எங்கே போயிற்றோ.
முழங்கையில் வழிந்து, கைப்பிடியில் சொட்டி,
ரப்பர்ப் பாயில் தேங்கிக் கிடந்தது
என் பேருக்கு ஒரு சின்னக் குளம்.

காற்று அங்கே இலவசம்.
கட்டிப்பால் லாரி கீழே நின்றால் நாறும், ஆனாலும்
நினைத்தபோது இழுத்துக்கொள்ளலாம்.
எனக்கு வரவில்லை.
நாலு மிதிக்கு ஒருதரம்
தலை தானாக இடப்பக்கம் திரும்பியது,
வாய் ஓரமாய்த் திறந்தது.
எல்லோரும் சிரித்தார்கள்.
நீ சிரிக்கவில்லை, தமயந்தி.

குளத்திலும் நீ என் இடப்பக்கம், நாலாம் பாதை.
போகும்போது மட்டும்.
திரும்பி வரும்போது என் பிடரிப் பக்கம்.
ஆறு வருஷம்
நாலு வீச்சுக்கு ஒருதரம் பார்த்திருக்கிறேன்:
ஒரு நீச்சல் கண்ணாடி, ஒரு அக்குள், நுரை.
உன் பாதம் உள்நோக்கி மடிவது தெரியும்.
களைத்தால் இடது கை தாழ்ந்து நுழைவது தெரியும்.
உன் குரல் இவ்வளவு கட்டை என்று
டயர்க் கடை மாடியில்தான் தெரிந்தது.

பேசினாய்.
ஆலை ஆய்வுக்கூடத்து இரவு ஷிஃப்ட்,
தம்பியின் மோட்டார் கடன்,
தலையில் குளோரின் வாடை போனதிலிருந்து
பூ வைக்கத் தோன்றுகிறது என்பது,
எல்லாமே மூச்சுக்கு ஒரு சொல்லாய்.

நாற்பதாவது நிமிஷம், கடைசி மலை.
இருக்கையை விட்டு எழுந்து மிதிக்கிறோம்.
"தோள்" என்றாய்.
பத்து மிதி.
"ஸ்கேன்லே கிழிசல்."
இன்னொரு சுற்று என்றாள் சியூ லிங். திருப்பினோம்.
"கோச்சுக்குத் தெரியும். ஒன்கிட்டதான்
சொல்லலே."
அப்புறம் கைப்பிடிமேல் குனிந்து,
"எனக்கு இது மாற்றுப் பயிற்சி இல்லடி."
திரையில் பதினெட்டு கிலோமீட்டர்.
இருந்த இடத்தில்தான் இருந்தோம் இரண்டு பேரும்.

ஐந்தாம் மாதம் குளம் நிரம்பியது.
முதல் பாய்ச்சலில் கணுக்காலுக்கு எல்லாம் மறந்திருந்தது,
மரக்கட்டையாய் விறைத்துக்கொண்டு.
தொடை கனத்து இடுப்பைக் கீழே இழுத்தது.
ஆனால் நானூறில் கடைசி நூறு,
எப்போதும் நான் செத்துப்போகிற அந்த நூறு,
நெஞ்சு கேட்காமலே கொடுத்தது.
நாலு விநாடி குறைவு.
கோச் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார்.

நாலாம் பாதையில் பதின்மூன்று வயசுப் பையன்,
கால் அடிக்கிறானா துணி துவைக்கிறானா தெரியவில்லை.
நீ வியாழக்கிழமைகளில் மாடியில்,
முன்வரிசை.
வரியா என்று செய்தி அனுப்பியிருந்தாய்.
இந்த வாரம் முடியாது என்றேன்.
போன வாரமும் அதைத்தான் சொன்னேன்.

இனி மூன்றுக்கு ஒன்று என்கிறார் கோச்,
இரண்டு பக்கமும் மூச்சு.
வலப்பக்கம் எனக்குப் பழக்கமில்லை.
தண்ணீர் குடிக்கிறேன்.