பாதித் தொட்டி

வெள்ளை பிளாஸ்டிக் உறையைக் கத்தியால் கிழித்தபோது
முதலில் வெளியே வந்தது ஓர் எலி.
பிறகு அந்த வாடை.
புளிப்பா, காய்ந்த வார்னிஷா என்று பிரித்துச் சொல்லமுடியாமல்
மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற வாடை.

ஏப்ரல் இருபத்தெட்டு. வட மிச்சிகன்.
ஏரி நடுவில் இன்னும் பனிக்கட்டி,
கிளம்ப மனசில்லாத விருந்தாளிபோல.
கரையோரம் மட்டும் ஒரு படகு அகலத்துக்குத் தண்ணீர்.
"இந்த வருஷம் நீதான் முதலில் இறங்குவாய்" என்றார்
பக்கத்துத் துறை நார்பர்ட் லாஹ்ட்டி.
எல்லோரிடமும் அதையேதான் சொல்வார்.

சாவியைத் திருப்பினேன், முள்ளை மட்டும் பார்க்க.
பாதியில் நின்றது.
பாதி!
அக்டோபரில் நிரப்பிவிட்டு மூடு என்றேன்.
பெட்ரோல் கெடாமலிருக்க ஊற்றுகிற மருந்தை வாங்கி
பட்டறை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போனேன்.
புட்டி இன்னும் அங்கேயே இருக்கிறது.
மூடியின் முத்திரைகூட உடையவில்லை.

ஐலீன்,
நீ டூசானில் வெயில் காய்ந்த ஆறு மாதமும்
இந்தத் தொட்டியின் காலிப் பாதி வியர்த்துக்கொண்டிருந்தது.
பகலில் கொஞ்சம் இளகி, இரவில் உறைந்து,
சுவர் வழியே சொட்டுச் சொட்டாக.
எத்தனால் அவ்வளவையும் குடித்துவிட்டு
அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
அப்பா மாதிரி என்பாய்.
சொல்லாதே.

ஊறுகாய் ஜாடியில் கொஞ்சம் பிடித்து
ராத்திரி கொட்டகைச் சன்னலில் வைத்தேன்.
காலையில் இரண்டு அடுக்கு:
மேலே கடுந்தேநீர், கீழே கலங்கல்.
நடுவில் ஒரு கோடு,
ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல.

படம் எடுத்து அனுப்பினேன்.
"அழகாயிருக்கே" என்று பதில்.
கொஞ்சம் கழித்து, "புல்வெட்டியில் ஊற்றிப் பாரேன்."
நார்பர்ட்டும் அதையே சொன்னார்.
உலகத்தில் கெட்டுப்போனது எல்லாவற்றையும்
ஏதோ ஒரு புல்வெட்டி குடித்துத் தீர்க்கும் என்று
நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

கைப்பம்பு. நான்கு சிவப்புக் கேன்கள்.
வண்டியின் பின்தட்டில் வைத்து நிரப்பக் கூடாது,
மண்ணில் வைக்க வேண்டும், ஒரு பொறி போதும்.
மண்ணில் வைத்தேன். மண்டியிட்டேன்.
பதினெட்டு காலன்.
கை வலித்தபோதெல்லாம் உன் பெயரைச் சொல்லி அழுத்தினேன்.
நன்றாகவே இறைத்தது.

மாவட்டத்துக் கழிவுக் கொட்டகை
மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் திறக்கும்.
ஐந்து நாள் கேன்கள் வீட்டைவிட்டுத் தள்ளி
பைன் மரத்தடியில் நின்றன.
மூன்றாம் இரவு அவற்றின்மேல் பனி பெய்தது.

வெள்ளிக்கிழமை எலியின் கூட்டைக் கலைத்தேன்.
இருக்கை மெத்தையின் பஞ்சு, கயிற்று நார்,
யாரோ ஒருவரின் மீன்பிடி உரிமச் சீட்டு,
அப்புறம், ஓரம் கடிபட்ட பெட்ரோல் ரசீது.
அக்டோபர் ஆறு. பதினேழு காலன்.
உன் கையெழுத்து, அந்த வால் நீண்ட 'ஐ'.

நிரப்பியிருக்கிறாய்.

பிறகு ஒரு ஞாயிறு வந்தது. எனக்கு நினைவிருக்கிறது.
திடீரென்று ஆகஸ்ட் போல ஒரு வெயில்.
யாரிடமும் சொல்லாமல் படகை அவிழ்த்து,
தீவைச் சுற்றி, மறுபடி சுற்றி,
விசையை முழுக்கத் தள்ளி,
ஒன்றரை மணிநேரம்.
கண்ணில் தண்ணீர் வந்தது. காற்றால்தான்.

புட்டி உன் கணக்கு, ஐலீன்.
பாதி என் கணக்கு.

கொட்டகையில் ஆரஞ்சுச் சட்டைப் பையன்
மூடியைத் திறந்து மோந்து, முகம் சுளித்து,
"எத்தனை வருஷத்துச் சரக்கு?" என்றான்.
"ஒரே ஒரு குளிர்காலம்" என்றேன்.
நம்பவில்லை.
படிவத்தில் 'உரிமையாளர்' என்று ஒரே ஒரு கோடு.
உன் பெயரை எழுதினேன்.
பக்கத்தில் இடம் இருந்தது,
என் பெயரையும் நெருக்கி எழுதினேன்.

புது வடிகட்டி, புது பெட்ரோல், கழுத்து வரை.
நாலு நிமிஷம் விசிறியை ஓடவிட்டு
சாவியைத் திருப்பினேன்.
இருமியது. நின்றது.
மறுபடி இருமி, ஊதாப் புகையாக எதையோ துப்பிவிட்டு,
பிடித்துக்கொண்டது.

முள் முழுசாக நிற்கிற படத்தை அனுப்பியிருக்கிறேன்.
ரசீது என் கோட்டுப் பையில் இருக்கிறது.
ஜூனில் வருவாய் அல்லவா,
அப்போது பார்க்கலாம்.