எண்பத்தேழில் ஒன்று

பகலில் நான் பல் மினுக்குகிறவள்.
பம்பலப்பிட்டியில், மருந்துக்கடை மாடியில்,
சுழலும் பஞ்சுச் சில்லில்
யாரோ ஒருவருடைய முன்பற்களை அழுத்தி
ஈரம்போல் தெரியும்வரை விடமாட்டேன்.
வாய்க்குள் போகிற பொருள் பளபளக்க வேண்டும்.
அதற்குத்தான் சம்பளம்.

இரவில் அதே விரல்களால்
பளபளப்பைத் துரத்துகிறேன்.

வெள்ளவத்தை, நான்காம் மாடி,
கடலுக்கும் தண்டவாளத்துக்கும் முதுகு காட்டும் மேசை.
அதில் ஜூரியான்ஸ் தந்த நாற்பது பேர்.
தெஹிவளை வீட்டில், சாப்பாட்டு மேசையை மறித்து,
ரயில் நிலையம் கட்டுகிறார் மனிதர்
எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில்.
கட்டடம் தன் பாடு, பயணிகள் உங்கள் பாடு என்றார்.
ஆளுக்கு இரண்டு சென்ரிமீற்றர் உயரம்.
ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய்.

முதல் பத்துப் பேரைக் கொண்டுபோனபோது
பூதக்கண்ணாடியால் பார்த்து,
"என்ன மிஸ், எல்லாரும் எண்ணெய்ச் சட்டிக்குள்ள
விழுந்து எழும்பினமாதிரி" என்றார்.
உண்மை.
அக்ரிலிக் காயும்போது ஒரு தோல் போர்த்துக்கொள்ளும்.
சாம்பல் நிறம் சொன்னால் கேட்கும்.
கறுப்பு கேட்காது. சிவப்பு, கேட்கவே கேட்காது.
"ஐந்தரைக் கோச்சிக்கு நிற்கிற சனம்
வேர்த்துத்தானே இருக்கும்" என்றேன்.
சொல்லும்போதே பிழை என்று தெரிந்தது.

ஆளைச் சிறிதாக்கலாம்.
அவன் குடையை, பையை,
பைக்குள் இருக்கும் அரை றாத்தல் பாணை,
செருப்பு வாரைக்கூட.
வெளிச்சத்தை என்ன செய்வது?
டியூப் லைட் தன் முழு நீளத்தோடு வந்து
இரண்டு சென்ரிமீற்றர் மனிதனின் நெற்றியில் குந்துகிறது.
அது வேர்வை இல்லை.
அது டியூப் லைட்.

ஆகவே நிழலும் நானே தீட்டவேண்டும்,
வெயிலும் நானே.

மேட் வார்னிஷின் மங்கலெல்லாம்
குப்பியின் அடியில் படிந்து கிடக்கும்.
மேலே மிதப்பது வெறும் மினுக்கம்.
இது தெரியாமல் ஒரு வருடம் பூசியிருக்கிறேன்.
இப்போது உள்ளே ஒரு சைக்கிள் பெயாரிங் குண்டு;
இருநூறு எண்ணும்வரை குலுக்குவேன்.
சிலவேளை காலிக் கோச்சி கீழே போகையில்
கட்டடமும் எனக்காகக் கொஞ்சம் குலுக்கித் தரும்.
பிறகு ஒரு துளி தண்ணீர். மெல்லிசாக.
தொட்ட இடத்தை மறுபடி தொடாமல்,
சேலை மடிப்பில் தேங்கவிடாமல்.

மே மாதக் கடைசி வெள்ளி
மழைக்குப் பொறுக்காமல் பூசிவிட்டேன்.
சுவரே வியர்த்த இரவு.
விடியப் பார்த்தால் நாற்பது பேருக்கும் பூஞ்சணம்:
மாவில் உருட்டி எடுத்த வெள்ளை.
மீசை இல்லை. சேலைக்கரை இல்லை.
பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மட்டும் நட்டமில்லை,
அவள் ஏற்கெனவே வெள்ளைச் சட்டை.

ஜூரியான்ஸுக்குப் போன் எடுத்தேன்.
இருமி முடித்துச் சொன்னார்:
"அதுக்கு மேல ஷைன் வார்னிஷ் அடியுங்கோ, மிஸ்."

நம்பாமல் ஒருவன்மேல் பூசிப் பார்த்தேன்,
குடைக்காரன்மேல்.
வெள்ளை கரைந்தது. மீசை வந்தது.
பின்னால் ஒவ்வொருவராக
நாற்பது பேரும் எண்ணெய்ச் சட்டிக்குத் திரும்பினார்கள்.
காயவிட்டு, வெயில் ஏறிய ஒரு ஞாயிறு,
மறுபடி மேட்.
இதில் தத்துவம் இருக்கிறதென்று சொல்லமாட்டேன்.
இரண்டு கிழமையும் ஒரு தூரிகையும் போயின.

நேற்றுப் பின்னேரம் மேடையில் நிறுத்தினோம்.
ஜூரியான்ஸ் விளக்கை அணைத்து
மேற்கு யன்னலைத் திறந்தார்.
வெயில் பக்கவாட்டில் வந்து எல்லார்மேலும் விழுந்தது.
ஒருவரும் அதைத் திருப்பித் தரவில்லை.
நின்றார்கள், அவ்வளவுதான்,
வேலை முடிந்த ஆட்கள் நிற்பதுபோல்.
ஒருவன் கையில் தொங்கிய பாரை மீன் மட்டும்
மினுங்கியது. அது நான் வேண்டுமென்று விட்டது.

அவர் இரண்டுதரம் எண்ணினார்.
முப்பத்தொன்பது.
"மற்றவள் எங்கே, அந்தச் சிவப்புச் சேலை?"
"பம்பலப்பிட்டியில் இறங்கிவிட்டாள்" என்றேன்.

பொய்யில்லை.
எத்தனை பூச்சுக்கும் அடங்காத சிவப்பு.
வேலைத்தலத்து மேசை லாச்சியில்,
நாளைக்குப் போகவேண்டிய மேற்பல் வரிசைக்குப் பக்கத்தில்,
நிற்கிறாள்,
லாச்சியை இழுக்கும்போதெல்லாம்
ஒரு முழு டியூப் லைட்டைத் தலையில் சுமந்தபடி.